பதினெட்டு இறாத்தல் வாள்

கலியாணமாகி மூன்று வருடங்களில் மர்சூக் தன் மனைவி றாஹிலாவை ஒரே ஒரு தடவைதான் அழவைத்திருக்கிறான். அதற்கும் அன்று மாலையே கல்முனைக்குச் சைக்கிளில் போய் மஸ்கத் அல்வா வாங்கிவந்து மன்னிப்புக் கேட்டுவிட்டான். விறகு அபிவிருத்திச் சபையோ அவளை நாளுக்கு மூன்று வேளை, இரண்டு மாதங்களுக்கு மேல் அழவைத்தது. ஒரு துண்டு மஸ்கத்தும் வாங்கித் தரவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில், மருதமுனையில் அவர்கள் வீட்டு வளவில் நின்ற பெரிய மாமரம் வேரோடு சாய்ந்தது. நல்ல வேளையாக வீட்டின் மேல் விழவில்லை. குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது. இறக்காமத்துப் பக்கமிருந்து விறகு ஏற்றிவரும் மாட்டுக் கரத்தைகள் பாதை உடைந்ததால் நின்றுபோயிருந்தன. ஊர் முழுவதும் ஈரத் தேங்காய்ப் பொச்சையும் தென்னை மட்டையையும் ஊதி ஊதிச் சமைத்தது. றாஹிலா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. புகையில் அவள் இருமும் ஒவ்வொரு முறையும், தறியில் இருந்த மர்சூக்கின் கையில் நாடா தடுமாறியது.

பெரியநீலாவணையிலிருந்து கந்தப்போடி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். கோடாலி பிடித்தே தலை நரைத்தவர்.

"மூணு நாள் வேல, தம்பி. நாளைக்கழிச்சு வாறன். கொப்புல பாதி எனக்கு, மிச்சம் உங்களுக்கு. இப்பவே பிளந்து காயப் போட்டா, புள்ள பிறக்கிற நேரத்துக்கு நல்ல விறகு கையில இருக்கும்."

பிள்ளை பிறந்த வீட்டில் நாற்பது நாளும் அடுப்பு அணையக் கூடாது. தாய்க்குக் குளிக்க மூலிகை அவித்த வேது தண்ணீர், பிள்ளைக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், வருகிறவர்களுக்குத் தேநீர். றாஹிலா அன்று வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

கதை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், மறுநாள் நூல் எடுக்கக் கல்முனைக்குப் போன மர்சூக், சபையின் வாசலில் ஓர் அறிவித்தலை வாசித்ததுதான். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு வரும் கேடுகளில் இதுவும் ஒன்று.

"வீட்டு விறகு வெட்டும் இலேசு ரகச் சங்கிலி வாள் சீமையிலிருந்து வந்துவிட்டது. கோடாலியின் காலம் முடிந்தது. ஒரு மரம், ஒரு மணித்தியாலம். விழுந்த மரம் உள்ளோர் விண்ணப்பிக்கவும்."

மூன்று நாள் எங்கே, ஒரு மணித்தியாலம் எங்கே! மர்சூக் உள்ளே போனான். கிளாக்கர் அமிர்தலிங்கம் மேசை நிறையத் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

"வாள் வந்திரிக்கா சேர்?"

"வாள் வராமலா இவ்வளவு தாள் வந்திருக்கு? இருங்க."

தாளில் முதல் கேள்வி, வளவின் உரிமையாளர் யார் என்பது. மர்சூக்கின் பேனா நின்றது. இந்தக் கரையில் மகளுக்குக் கலியாணம் என்றால் தகப்பன் வீட்டையும் வளவையும் அவள் பேரில் எழுதிவைப்பார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்வான். மர்சூக்கும் அப்படி வந்தவன்தான்.

"வளவு பொஞ்சாதிட பேர்ல சேர்."

"ஆம்பிளைட பேரப் போடுங்க. பொம்பிளைட பேர் எண்டா பச்சைத் தாள். பச்சைத் தாள் முடிஞ்சு போச்சு."

மர்சூக் தன் பேரை எழுதிக் கையெழுத்தும் வைத்தான்.

அடுத்த நாள் காலை சபையின் பியோன் வந்து, மரத்தின் நடுவில் வெள்ளைப் பூச்சால் ஒரு வளையம் போட்டு, அதற்குள் ஒன்று என்ற இலக்கத்தையும் எழுதினான். ஒரு துண்டும் தந்தான். பதிவு செய்யப்பட்ட மரத்தில் கோடாலியோ கத்தியோ கைவாளோ படக் கூடாது, கையால் ஒரு சுள்ளியும் ஒடிக்கக் கூடாது, மீறினால் மறியலில் கம்பி எண்ண வேண்டும்.

றாஹிலா குசினியிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன இது? மரத்துக்குக் காப்புப் போட்டிரிக்காங்க?"

"ஒரு மணித்தியாலத்துல வெட்டித் தருவாங்க புள்ள. மெசின் வாள்."

"எப்ப?"

அந்தக் கேள்வியை மர்சூக் கேட்டு வரவில்லை.

சொன்னபடி கோடாலியோடு வந்த கந்தப்போடிக்கு விசயத்தை எடுத்துச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. குந்தியிருந்து வெள்ளை வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

"கல்லோயாக் காடு வெட்டேக்குள்ள இந்த வாளக் கண்டிருக்கன். நல்ல சாமான்தான், இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா அலகு எத்தின அங்குலம் எண்டு கேட்டீங்களா? இந்த அடிமரத்துக்குக் காணுமா? பல்லு மழுங்கினா தீட்ட ஆள் இருக்கா? சங்கிலிக்கு எண்ணெய் விடாட்டி எரிஞ்சு போகும், அத ஆரு பாக்கிற? பாரம் குறைஞ்சா மட்டும் காணாது தம்பி. அது உதறுற உதறலுக்குக் கை எவ்வளவு நேரம் நிக்கும் எண்டும் பாக்கணும்."

மர்சூக் இந்தக் கேள்விகளைச் சபைக்குக் கொண்டுபோனான். அமிர்தலிங்கம் ஒவ்வொன்றாக அழகான எழுத்தில் எழுதி, 'ஆட்சேபனைகள்' என்ற கோவையில் போட்டுக் கட்டிவைத்தார்.

சீமையிலிருந்து வந்திருந்தவை மூன்று வாள்கள். ஒன்று நாற்பத்தெட்டு இறாத்தல். இரண்டு பேர் பிடிப்பது. ஒன்று முப்பது. மூன்றாவது, பெற்றோலும் எண்ணெயும் ஊற்றி இருபத்துநாலு. கண் உள்ள எவனும் மூன்றாவதைக் காட்டியிருப்பான். ஆனால் கொழும்புச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'ஒரு குடும்பப் பெண் இடுப்பில் சுமக்கும் நீர்க்குடத்தின் பாரத்தை மிஞ்சாததே இலேசு வாள் எனப்படும்.'

இரண்டு கிழமை கழித்து நடந்த கூட்டத்துக்கு, பதிவு மரத்தின் சொந்தக்காரன் என்ற முறையில் மர்சூக்கையும் கூப்பிட்டார்கள். தலைவர் அப்துல் கபூர் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"குடம் எண்டா என்ன குடம்? மண்குடமா, பித்தளையா? இது தெரியாம நாங்க வாளுக்குக் கிட்டப் போகேலா."

குட உபகுழு அமைந்தது. அதற்கு உறுப்பினர் அமிர்தலிங்கம் ஒருவரே. அவர் தராசைச் சபையில் வைத்துவிட்டுக் குடம் தேடி வீடு வீடாகப் போனார். முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு முன்னால் குடத்தை இடுப்பில் வைத்துக் காட்ட எந்தப் பெண்ணும் வெளியே வரவில்லை. நிறைகுடத்தை வாசல் கடப்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர் அதைக் கரத்தையில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்தார். வெள்ளம் அறுத்த பாதை. வந்து சேரும்போது குடத்தில் பாதிதான் இருந்தது. இப்படிப் பன்னிரண்டு குடங்கள். சராசரி எடுத்துப் பார்த்தார்கள். பதினெட்டு இறாத்தல்.

"அரைக்குடத் தண்ணிய எந்தப் பொம்புள சுமக்கிற?" என்றாள் றாஹிலா. அவள் அப்போது எட்டாவது மாதத்தில், ஒரு நிறைகுடத்தை மரத்துக்கு மேலால் தூக்கிக் கடத்தக் கணவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "வந்து என்ட குடத்தத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்களன்!"

மர்சூக் இதையும் போய்ச் சொன்னான். இதையும் எழுதி அதே கோவையில் வைத்தார்கள்.

மாசி நடுவில் வாளை நிறுக்கும் நாள் வந்தது. சபைக்குப் பொறி நிபுணர் ஒருவர் இருந்தார், ஷரிபுதீன் என்று. ஹாஜியாரின் மருமகன். ஓர் ஐஸ் கம்பனியில், இயந்திரம் இருந்த அறைக்குப் பக்கத்து அறையில் ஆறு மாதம் வேலை செய்தவர். அவர் மூன்றாவது வாளைத் தராசில் வைத்தார். இருபத்துநாலு.

"ஆறு இறாத்தல் கூட," என்றார் ஹாஜியார், குற்றவாளியைப் பார்ப்பதுபோல் வாளைப் பார்த்து.

நிபுணர் பெற்றோலையும் எண்ணெயையும் வடித்தார். இருபத்திரண்டு. அலகைக் கழற்றினார். இருபது. சங்கிலியை எடுத்துச் சுவரில் மாட்டினார். பத்தொன்பது. எல்லாரும் முன்னால் குனிந்தார்கள். நிபுணர் ஒரு திருகாணியைத் தேடிப் பிடித்து, கைபிடியைக் கழற்றினார். தராசின் முள் பதினேழரையில் நின்றது.

கைதட்டல் அடங்கிய பிறகு மர்சூக் பின்வரிசையிலிருந்து எழுந்தான்.

"ஹாஜியார், கோபிக்கப்படாது. இது இப்ப வெட்டுமா?"

ஹாஜியார் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"மர்சூக், வெட்டுற சாமான எவனும் தெரிவு செய்வான். அதுக்கு ஒரு சபை தேவையில்ல. எங்களுக்குச் சொல்லியிரிக்கிறது இலேசத் தெரிவு செய்யச் சொல்லி. நான் ஒண்டு சொல்றன் கேளுங்க. எங்கட ஊட்டுல மண்ணெண்ணெய் அடுப்பு. நான் ஒரு விறகுக் கொள்ளியத் தொட்டு ஏழு வருசம். அதனாலதான் விறகு விசயத்துல எனக்குப் பக்கச்சார்பு இல்ல. உங்களுக்கு மரம் இரிக்கி, அடுப்பு இரிக்கி, அவசரம் இரிக்கி. நீங்க எப்பிடி நீதியாக் கதைப்பீங்க?"

"சங்கிலி?"

"அது துணைக் கருவி. அதுக்கு வேற கோவை," என்றார் அமிர்தலிங்கம், அலுமாரியைப் பூட்டிக்கொண்டே.

அன்று மர்சூக் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். றாஹிலாவின் கண் இமைகள் வீங்கி, குரல் ஆம்பிளைக் குரலாகியிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி ஊத்தவா?" என்றாள். அவன் அடுப்படியில் அவளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுத் தானே குனிந்து ஊதினான். அந்தத் தேநீர் கொதிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது.

பங்குனி முதற் கிழமையில் வெள்ளோட்டம் என்று கடிதம் வந்தது. இடம், பதிவு மரம் இலக்கம் ஒன்று. அன்று விடியும்போதே றாஹிலாவுக்கு நோவு தொடங்கியது. மருத்துவிச்சி ஜுனைதா உள்ளே போனாள். அதே வேளையில் சபையின் ஆட்கள் கதிரைகளோடு வளவுக்குள் வந்தார்கள்.

மர்சூக் ஓடிப்போய் ஹாஜியாரை மறித்தான்.

"ஹாஜியார், உள்ளுக்குப் பொஞ்சாதிக்கு நோவு. இன்னொரு நாளைக்கு வைங்களன்."

"நல்ல சகுனம்!" என்றார் ஹாஜியார். "கொழும்புக்குத் தந்தி அடிச்சாச்சு மர்சூக். தந்திய எப்பிடித் திரும்ப எடுக்கிற?"

அவர் வாளை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கைபிடி இல்லாத சாமானை வேறு எப்படிப் பிடிப்பது? கழுத்து நிற்காத குழந்தையைத் தாங்குவதுபோலவே இருந்தது. அயல் வளவுச் சாலிஹும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வெள்ளை விரித்த கதிரைகளில் அமர்ந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் வேடிக்கை பார்க்க நின்ற கந்தப்போடி, கோடாலியைத் தோளில் வைத்தபடி கடப்படியோடு நின்றுகொண்டார்.

ஹாஜியார் பேசத் தொடங்கினார். அரை மணித்தியாலம் போயிருக்கும். ஜுனைதா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்ன மனே, சுடுதண்ணி எங்க? இந்த ஈரப் பொச்சுல ஒரு சிரட்டைத் தண்ணியும் கொதிக்குதில்ல! புள்ள தலையக் காட்டப் போகுது!"

மர்சூக் மரத்தைப் பார்த்தான். இரண்டு மாதத்துக்கு மேல் வெயிலில் கிடந்ததில் கொப்பெல்லாம் எலும்பாகக் காய்ந்திருந்தன. வெட்டத்தான் விடவில்லை.

"ஹாஜியார், ஒரு கொப்பு. ஒரே ஒரு காஞ்ச கொப்பு. கந்தப்போடி அண்ணன் ரெண்டு வெட்டுல எடுத்துத் தருவார்."

"பதிவு மரம்," என்றார் ஹாஜியார். "கோடாலி பட்டா முழுத் திட்டமும் கெட்டுப் போகும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

"ஆரப் பொறுக்கச் சொல்ற?"

இந்தக் கேள்வி மர்சூக்கின் வாயிலிருந்து வரவில்லை. அடைத்திருந்த ஜன்னலுக்குள்ளிருந்து, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வந்தது. விருந்தினர் எல்லாரும் கதிரையில் நிமிர்ந்தார்கள்.

"ஹாஜியார்! இந்த வளவு ஆருட பேர்ல இரிக்கி?"

ஹாஜியார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மர்சூக்கைப் பார்த்தார்.

"என்ட வாப்பா எனக்கு எழுதித் தந்த வளவு. காணி உறுதி என்ட பேர்ல. ஊடும் என்ட, மரமும் என்ட. என்ட ஊட்டுக்காரர்..." நோவு ஒன்று வந்து அவள் பேச்சை அறுத்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். "என்ட ஊட்டுக்காரர் ஒரு பெட்டியோட வந்த மாப்பிள. அவர்ட ஒப்பத்துல என்ட மரத்துக்கு நம்பர் அடிக்க உங்களுக்கு ஆரு தந்த அதிகாரம்? நீங்களும் பொஞ்சாதி ஊட்டுலதானே இரிக்கீங்க? அவட வளவுல ஒரு தேங்காய உங்கட பேர்ல பறிப்பீங்களா? பறிச்சிட்டு அந்த ஊட்டுல படுப்பீங்களா?"

கதிரைகளில் சிரிப்பு வெடித்தது. ஹாஜியாரின் காது சிவந்தது. அந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் மனைவியையும் தெரியும்.

அமிர்தலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாகக் கோவையைப் புரட்டி வெள்ளைத் தாளை எடுத்தார்.

"சேர், அந்தப் புள்ள சொல்றது சரி. உரிமையாளர் அல்லாதவர் போட்ட விண்ணப்பம் செல்லாது. விண்ணப்பம் செல்லாட்டி மரம் பதிவு இல்ல. பதிவு இல்லாத மரத்த சபை பாக்கப்படாது."

"பாக்கப்படாது எண்டா?"

"கண்ணால பாக்கப்படாது சேர். பாத்தா அறிக்கையில எழுதணும். எழுதினா, பதியாத மரத்துக்கு ரெண்டு மாசமா ஏன் காவல் வச்ச எண்டு கேப்பாங்க."

ஹாஜியார் சிறிது நேரம் யோசித்தார். பெரிய மனிதர்கள் யோசிக்கும்போது அவர்கள் முகத்தில் ஓர் அமைதி வரும். அது வந்தது.

"அப்ப கதிரையத் திருப்புங்க," என்றார்.

பதினைந்து கதிரைகளும் மரத்துக்கு முதுகைக் காட்டிக் கிணற்றுப் பக்கமாகத் திரும்பின. ஹாஜியார் கிணற்றடியில் ஏறி நின்று, வாளை அணைத்தபடி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மரத்தைக் கண்ணால் காண வேண்டிய சங்கடம் தனக்கு வராமல் அவர் வானத்தைப் பார்த்துப் பேசினார்.

கந்தப்போடி கடப்பைத் தாண்டி வந்தார். வெள்ளை வளையத்தின் மேலேயே முதல் வெட்டு விழுந்தது. தடார், தடார் என்று வளவே அதிர்ந்தது. மர்சூக் காய்ந்த கொப்புகளை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு குசினிக்கு ஓடினான். அடுப்பு ஒரு தடவை சீறி, நிமிர்ந்து, மஞ்சளாகப் பிடித்தது. புகையே இல்லை. பானை ஓசையெழுப்பத் தொடங்கியபோது அவன் அதற்கு முன்னால் குந்தியிருந்து சிறு பிள்ளைபோல் அழுதான்.

வெளியே ஹாஜியார் குரலை உயர்த்தியிருந்தார். "இனி எங்கட பொம்புளைகள்ற கண்ணுல ஒரு சொட்டுக் கண்ணீர் வராது! வந்தா, அதுக்கு இந்தச் சபை பொறுப்பில்ல!" அந்த நேரத்தில்தான் உள்ளே பிள்ளை வீரிட்டது. அயல் பெண்கள் வேலிக்கு அப்பாலிருந்து குரவையிட்டார்கள். ஹாஜியார் வாளோடு குனிந்து அந்தக் குரவையை ஏற்றுக்கொண்டார்.

பெண் பிள்ளை. அதன் காதில் பாங்கு சொல்ல மர்சூக்கை உள்ளே கூப்பிட்டார்கள். றாஹிலா சுடுதண்ணீரில் துடைத்த முகத்தோடு படுத்திருந்தாள். "போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் கதைக்கிறாங்க."

"கதைக்கட்டும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துச் சபையின் அறிக்கை கல்முனையில் ஒட்டப்பட்டது. 'விழாவின் கடைசி ஒரு மணித்தியாலமும் விறகு வெட்டும் சத்தம் இடையறாது கேட்டது. விழா முடிவில் வளவில் பெருந்தொகை விறகு காணப்பட்டது. கோடாலி எதுவும் ஓங்கப்பட்டதைச் சபையினர் காணவில்லை. பயனடைந்த குடும்பத்தார் கண்ணீர் மல்க நின்றனர். வாள் ஏனைய ஊர்களுக்கும் சிபார்சு செய்யப்படுகிறது.'

மர்சூக் அதை இரண்டு தடவை வாசித்தான். ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் எதிர்த்துக் கதைக்கலாம். அழுகிய மீனை எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது?

அதற்கு அடுத்த கிழமை கோமாரியிலிருந்து சீனித்தம்பி என்று ஒருவர் பஸ் ஏறி வந்து அவன் வளவைத் தேடிப் பிடித்தார். கையில் வெள்ளைத் தாள்.

"நீங்கதானே மர்சூக்? எங்கட வளவுல ஒரு புளியமரம் விழுந்து கிடக்கு. முந்திப் பயனடைஞ்ச ஆள்ற, இல்லாட்டி விழாவுல இருந்த ஆள்ற ஒப்பம் ஒண்டு வேணுமெண்டு சபையில சொன்னாங்க. இதில வைங்க தம்பி."

மர்சூக் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தான். குடம், தராசு, கைபிடி, கதிரை என்று எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னான். "அண்ணன், நான் சொல்றதக் கேளுங்க. இப்பவே போய் ஒரு கோடாலிக்காரனப் பிடிங்க. மூணு நாள் வேல."

சீனித்தம்பி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"உங்கட விறகு அந்தா அடுக்கிக் கிடக்கு. உங்களுக்குக் கிடைச்சிட்டு. மத்தவனுக்குக் கிடைக்கப்படாது, அப்பிடித்தானே?"

"அது கோடாலியால வெட்டின விறகு அண்ணன்!"

"சீமையில இருந்து வாள் வந்து, இவ்வளவு பெரிய மனிசரெல்லாம் கூடி நிறுத்துப் பாத்திருக்காங்க. அவங்க பொய், நீங்க மட்டும் மெய்! இப்பிடிக் கல்நெஞ்சுக்காரன நான் கண்டதில்ல."

அவர் தாளை மடித்துக்கொண்டு எழுந்து, நேரே அயல் வளவுக்குப் போனார். அங்கே சாலிஹ் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். மர்சூக்குக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாம் கேட்டது.

"அண்டைக்கு நீங்களும் இஞ்ச இருந்தீங்களா?"

"ஓம், முன்வரிசையில."

"வாள் வெட்டினதக் கண்டீங்களா?"

"கதிரை மத்தப் பக்கம் பாத்துக் கிடந்திச்சி. ஆனா சத்தம் கேட்டன். அப்பப்பா, என்ன சத்தம்! கொண்டாங்க, எங்க ஒப்பம் வைக்கிற?"

சீனித்தம்பி தெருவில் இறங்கும்போது, மை காய ஊதிக்கொண்டே, அந்தத் தாளை மர்சூக்குக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனார்.